ஒரு நாள் நிற்க வேண்டிய சீசா

வெர்னா கோஸ்கெலா செய்து கொடுத்த மருந்தை எந்தக் குழந்தையும் துப்பியதில்லை என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். அது உண்மையல்ல. துப்பிய குழந்தைகள் உண்டு. துப்பினால் அடுத்த வாரம் அதே மருந்து வேறு சுவையில் வரும். அதையும் துப்பினால் மூன்றாவதாக ஒன்று வரும். அவள் விடமாட்டாள், அவ்வளவுதான்.

பெஸ்ஸெட் மருந்துக்கடையின் பின்னறையில் அவள் முப்பத்திரண்டு வருடம் வேலை செய்தாள். முன்மேசையில் நான் இருந்தேன். நடுவில் ஓர் அரைக்கதவு. அவள் அந்தப் பக்கம் பேசுவது எனக்குக் கேட்கும், இந்தப் பக்கம் வாடிக்கைக்காரர்கள் பேசுவது அவளுக்குக் கேட்கும்.

சீசா கழுவத்தான் வந்தாள். சுரங்கம் மூடி அவள் அப்பா வீட்டில் உட்கார்ந்த வருடம் அது, கல்லூரி பற்றி யாரும் பேசவில்லை. பெஸ்ஸெட்டுக்குக் கலவை வேலையில் பொறுமை கிடையாது. மாத்திரை எண்ணிக் கொடுக்கும் மனிதர் அவர். குழந்தைகளுக்குத் திரவமாக வேண்டும் என்று டாக்டர்கள் சீட்டு எழுதி அனுப்பியபோது, ஒரு தடிப் புத்தகத்தை அவள் பக்கம் தள்ளிவிட்டார். அவள் படித்தாள், செய்தாள், கெட்டுப்போனதைத் தொட்டியில் கொட்டினாள், மறுபடியும் செய்தாள். சட்டப்படி கையெழுத்து அவருடையது. மருந்து அவளுடையது.

மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் போட்டால் மருந்தாகிவிடாது. சில பொடி தண்ணீரில் கரையும், சிலது சாராயத்தில்தான் கரையும், சிலது எதிலும் கரையாமல் அடியில் போய் உட்காரும். உட்காருவதைக் கூழ் மாதிரி ஒன்றில் மிதக்கவிட வேண்டும். கசப்பை மறைக்க வேண்டும். பூஞ்சை பிடிக்காமலிருக்கப் பதனப் பொருள் சேர்க்க வேண்டும். அந்தப் பதனப் பொருளோ புளிப்பு சரியாக இருந்தால்தான் வேலை செய்யும், புளிப்பு ஏறினால் மருந்தே முறிந்துபோகும். ஒன்றைத் தொட்டால் இன்னொன்று ஆடும். வெர்னாவுக்கு இதெல்லாம் கையில் இருந்தது. சாராயமும் சர்க்கரையும் இல்லாமல் இனிப்பாகச் செய்வதில்தான் அவளுக்குப் பெருமை. சாராயம் இருந்த இடத்தில் கிளிசரின், சர்க்கரைப் பாகு இருந்த இடத்தில் சார்பிட்டால். இரண்டுமே இனிக்கும், பொடியை நனைக்கும், கெட்டியாகத் தாங்கும். சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு இருபது வருடமாக அதைத்தான் கொடுத்துவந்தாள்.

மரம் வெட்டும் டோய்வோ கிழவர் ஒரு நாள் அரைக்கதவு வரை வந்து கத்தினார்.

"வெர்னா! என் இருமல் மருந்துல என்னமோ குறையுது. முன்னெல்லாம் ரெண்டு கரண்டி குடிச்சா பாட்டு வரும்."

"அந்தப் பாட்டைக் கேட்டுட்டுத்தான் உங்க வீட்டம்மா எனக்கு போன் பண்ணாங்க. இனிமே கிளிசரின்தான், டோய்வோ."

"அப்ப இருமலே தேவலாம்."

அவளிடம் ஒரு விதி இருந்தது. புதிதாக ஒரு கலவை செய்தால் அந்தச் சீசா ஜன்னலோரத் தட்டில் ஒரு முழு நாள் நிற்க வேண்டும். அதற்குப் பிறகு தலைகீழாகக் கவிழ்த்து, வெளிச்சத்தில் அடிப்பாகத்தைப் பார்ப்பாள். பொடி சுண்ணாம்பு மாதிரி ஒட்டியிருந்தால் எவ்வளவு குலுக்கினாலும் எழாது. மேலே இருக்கும் மருந்தில் சத்து இருக்காது, கடைசிக் கரண்டிகளில் நஞ்சளவு இருக்கும். வேலைக்கு வந்த ஐந்தாம் வருடம், ஒரு கைக்குழந்தையின் இருதய மருந்து அப்படி ஒட்டிப்போய்த் திரும்பி வந்தது. தாய்க்குச் சந்தேகம் வந்ததால் குழந்தை தப்பியது. அன்றிலிருந்து அந்த விதியை அவள் மீறியதில்லை. பெஸ்ஸெட் அவசரப்படுத்தினாலும் சரி, டாக்டரே போனில் கத்தினாலும் சரி.

தொண்ணூற்றாறாம் வருடம் அக்டோபரில் ரோண்டா பெல்கொனன் ஒரு சீட்டோடு வந்தாள். அவள் மகள் டெஸ்ஸாவுக்கு நாலு வயது. ஒரு நாளைக்கு முப்பது நாற்பது தடவை வலிப்பு வந்துகொண்டிருந்த பிள்ளை. ஜூன் மாதம் தெற்கே பெரிய ஊர் ஆஸ்பத்திரியில் அவளுக்கு ஒரு பத்தியம் ஆரம்பித்தார்கள். வெண்ணெய், கெட்டிப் பாலாடை, பன்றிக் கொழுப்பு, முட்டை. மாவும் சர்க்கரையும் சேர்ந்து ஒரு நாளைக்கு எட்டு கிராமுக்கு மேல் போகக் கூடாது. உடம்பு சர்க்கரையை விட்டுக் கொழுப்பை எரித்தால் வலிப்பு அடங்கும் என்பது கணக்கு. ரோண்டா ஒவ்வொரு கவளத்தையும் தராசில் நிறுத்தாள். கத்தரிக்காய்த் துண்டைக்கூட நிறுத்தாள். இரண்டாம் வாரம் வலிப்பு பாதியானது. ஆகஸ்டில் நின்றே போனது. பிள்ளை பேச ஆரம்பித்தாள். அப்பா டேலின் மரலாரி வாசலில் வந்து நின்றால், ஜன்னலிலிருந்து "அப்பா வண்டி அழுக்கு" என்று அறிவிப்பாள். கடைக்கு வந்தால் என் மேசை மேல் உட்கார்ந்து, வருகிறவர்களிடமெல்லாம் "உனக்கு என்ன வியாதி?" என்று கேட்பாள்.

பத்தியத்தோடு ஒரு வலிப்பு மாத்திரையும் தொடர்ந்தது. அதை நுணுக்கி வெண்ணெயில் வைத்துக் கொடுத்தால் பிள்ளைக்குப் புரையேறியது. ஒரு தடவை உதடு நீலமாகிவிட்டது.

"தண்ணி மாதிரி பண்ணித் தர முடியுமா வெர்னா? ஆனா சக்கரை கூடாது. ஒரு துளிகூட."

"சக்கரையே இல்லாம பண்றேன். நீ கவலையை விடு."

டாக்டரின் சீட்டிலும் அதுதான் எழுதியிருந்தது: சர்க்கரை இல்லாமல்.

அந்த மாத்திரை கொடுங்கசப்பு. வெர்னா கசப்பைப் பரப்பி விடுவாள். கொஞ்சம் மருந்தை நிறையத் திரவத்தில் கரைத்தால் நாக்குக்கு அவ்வளவாகத் தெரியாது. வேளைக்குப் பத்து மில்லி, நாளைக்கு மூன்று வேளை. செர்ரிப் பழ வாசனை. சீசா ஒரு நாள் நின்றது, ஒட்டவில்லை. டெஸ்ஸா முதல் வேளையைக் குடித்துவிட்டு உதட்டை நக்கினாள் என்று ரோண்டா போன் பண்ணிச் சொன்னாள். வெர்னா அதை என்னிடம் இரண்டு தடவை சொன்னாள்.

பத்தியம் சரியாகப் போகிறதா என்று பார்க்க, பிள்ளையின் சிறுநீரில் ஒரு காகிதப் பட்டையை நனைப்பார்கள். கரு ஊதாவாக மாறினால் நல்லது. அந்த மாதக் கடைசியில் பட்டை வெளிறி ரோஜா நிறமானது. பிள்ளைகள் வீடு வீடாகப் போய் மிட்டாய் வாங்கும் ஹாலோவீனுக்கு மறுநாள் காலை வலிப்பு வந்தது. அந்த வாரமே நாளுக்குப் பத்தானது.

ஹாலோவீன் அன்று மாலை டெஸ்ஸா அத்தை கெய்ல் வீட்டில் இருந்தாள். கெய்ல் டேலின் அக்கா. ரோண்டா வேலைக்குப் போகும் நாட்களில் பிள்ளையைப் பார்த்துக்கொண்டதும் அவள்தான். அவளுக்கு மூன்று பிள்ளைகள், வீடு முழுக்க மிட்டாய். டெஸ்ஸாவின் கோட்டுப் பையில் ஒரு மிட்டாய்த் தாள் இருந்தது.

இதெல்லாம் என் மேசையில்தான் அரங்கேறியது. கெய்ல் ஒரு நாள் சிவந்த கண்களோடு வந்து நின்றாள்.

"வெறும் தாள்ங்க அது. மினுமினுனு இருக்குனு கேட்டா, குடுத்தேன். அவ வாயில நான் எதுவும் போடலை. நான் என்ன பைத்தியமா? அந்தப் பிள்ளை வலிப்புல விழறப்ப தலையைத் தாங்கினதே இந்தக் கைதானே!"

ரோண்டா நம்பவில்லை. நம்ப முடியாத நிலையில் இருந்தாள். ஆஸ்பத்திரியில் பத்தியம் பார்க்கும் அம்மாவும் அதையே சொன்னாள்: யாரோ கொடுக்கிறார்கள், தேடுங்கள். ரோண்டா கெய்லை வீட்டுக்குள் விடுவதை நிறுத்தினாள். அக்காவுக்காக டேல் ஒரு வார்த்தை பேசப்போக, அவனும் வெளியே நிறுத்தப்பட்டவன் மாதிரி ஆனான். மான் வேட்டை தொடங்க ஒரு நாள் இருக்கும்போதே துப்பாக்கியை எடுத்துக்கொண்டு காட்டுக் குடிலுக்குப் போய்விட்டான்.

நவம்பர் பதினைந்து, வெள்ளிக்கிழமை, வேட்டையின் முதல் நாள். ஊரில் ஆண் வாசனையே இல்லை. பெஸ்ஸெட்டும் குடிலில்தான். பதிலுக்கு வந்த இளம் மருந்தாளர் எதைக் கேட்டாலும் தலையாட்டிக்கொண்டிருந்தார். மூன்றரை மணிக்கு ரோண்டா அடுத்த சீசா வாங்க வந்தாள். தூங்காத முகம்.

"புதன்கிழமை கூட்டிட்டு வரச் சொல்லியிருக்காங்க. அப்பவும் பட்டை வெளுப்பா இருந்தா பத்தியத்தை நிறுத்திடுவாங்களாம். இவளுக்கு ஒத்துக்கலை போலனு சொல்றாங்க." மேசையைப் பிடித்துக்கொண்டாள். "நான் எதை விட்டேன் சொல்லுங்க? பல்பசையைக்கூட மாத்திட்டேன். சோப்பை மாத்திட்டேன். இதுல வயிறு வேற மூணு வாரமா இளகிப்போயே கிடக்கு. குடிக்கிறது எதுவும் தங்கலை."

அரைக்கதவுக்கு அந்தப் பக்கம் ஏதோ கண்ணாடி தட்டில் வைக்கப்படும் சத்தம் கேட்டது. வெர்னா வெளியே வந்தாள்.

"வயிறு எப்பலேருந்து?"

"அதான் சொன்னேனே. மூணு வாரம் இருக்கும்."

"மருந்து ஆரம்பிச்சதுலேருந்தா?"

"ஆமா, அப்பத்தான். ஏன்?"

"சும்மா கேட்டேன்," என்றாள் வெர்னா. "புது சீசா இன்னும் தயாரில்லை ரோண்டா. வீட்டுல எவ்வளவு இருக்கு?"

"திங்கக்கிழமை வரைக்கும் வரும்."

"நானே வீட்டுக்குக் கொண்டுவந்து தர்றேன்."

தயாரில்லை என்றது பொய். புது சீசா அவள் கையெட்டும் தூரத்தில், சீட்டு ஒட்டித் தயாராக இருந்தது.

ரோண்டாவின் கார் போன பிறகு நான் உள்ளே எட்டிப் பார்த்தேன். வெர்னா ஒரு தாளில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். சார்பிட்டால் வயிற்றை இளக்கும் என்பது கலவை வேலை செய்யும் எல்லாருக்கும் தெரியும். அதைப் பிடித்துக்கொண்டுதான் அவள் யோசித்திருக்கிறாள். சார்பிட்டால் சர்க்கரையல்ல. ஆனால் உடம்புக்குள் போனால் அதுவும் மாவு மாதிரித்தான் எரியும், கிளிசரினும் அப்படியே. சர்க்கரை வியாதிக்காரர் ஒரு கரண்டி குடித்தால் அது பொருட்டில்லை. எட்டு கிராமில் உயிர் வாழும் பிள்ளை ஒரு நாளைக்கு முப்பது மில்லி குடித்தாள். மூன்றில் ஒரு பங்கு சார்பிட்டால் கரைசல், ஐந்தில் ஒரு பங்கு கிளிசரின்.

"பதினாறரை கிராம்," என்றாள் தாளைப் பார்த்தபடி. "என் சீசாவுலேருந்து மட்டும்."

மணி நாலு தாண்டி ஐந்து நிமிடம். ஆஸ்பத்திரிக்கு போன் போட்டாள். எங்கள் மாநிலத்தில் விஸ்கான்சினை ஒட்டிய நான்கு மாவட்டங்களில் மட்டும் கடிகாரம் மற்ற இடங்களைவிட ஒரு மணி நேரம் பின்னால் ஓடும். ஆஸ்பத்திரியில் ஐந்து மணி தாண்டிவிட்டது. பத்தியம் பார்க்கும் அம்மா கிளம்பிவிட்டாள், திங்கட்கிழமைதான் வருவாள் என்று ஒரு குரல் சொன்னது.

"ரோண்டாவுக்கு போன் போடு வெர்னா."

"போட்டு என்ன சொல்லட்டும்? நிறுத்துனு சொல்லவா? அந்த மருந்தைச் சட்டுனு நிறுத்தினா அதுக்கே வலிப்பு வரும். குடுனு சொல்லவா?"

"மாத்திரையை நுணுக்கிக் குடுக்கட்டும்."

"அதுல தானே புரையேறி நீலமாச்சு." அவள் ஏற்கனவே பாத்திரத்தில் தண்ணீரை ஏற்றியிருந்தாள். "வேற மாதிரி பண்றேன். இந்த இனிப்பு ரெண்டும் இல்லாம. நாளைக்குச் சீசாவோட போய் நேர்ல சொல்றேன். கையில ஒண்ணும் இல்லாம எப்படிச் சொல்றது?"

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

கிளிசரினும் சார்பிட்டாலும் இல்லாமல் அந்தப் பொடி நனைய மறுத்தது. தண்ணீரின் மேலே கட்டி கட்டியாக மிதந்தது. பதனப் பொருளைக் கொதிநீரில் கரைத்து, ஆறவைத்து, புளிப்பைச் சோதித்து, செல்லுலோஸ் கூழைத் தூவிக் கலக்கினாள். சனிக்கிழமை காலை கவிழ்த்துப் பார்த்தபோது அடியில் விரலளவு ஒட்டியிருந்தது. கொட்டிவிட்டாள். பொடியை நனைக்க, சோப்புக் குணமுள்ள திரவம் ஒரு துளி சேர்த்து, கூழைக் கூட்டி மறுபடியும் செய்தாள். மதியம் பார்த்தாள், நன்றாக இருந்தது.

"இப்பவே கொண்டுபோயேன்," என்றேன்.

"நாளைக்கு மதியம் ஒரு நாள் ஆகும். அடியில ஒட்டி, கடைசி வேளைல மூணு மடங்கு உள்ள போச்சுன்னா? ஒரு தப்பு பண்ணிட்டேன். ரெண்டாவது பண்ண மாட்டேன்."

ஞாயிறு மதியம் சீசாவைக் கவிழ்த்தாள். அடி கண்ணாடி போலச் சுத்தமாக இருந்தது. சீட்டு ஒட்டி, கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு பெல்கொனன் வீட்டுக்குப் போனாள். பனியை வாரிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரி நிமிர்ந்து, ஆம்புலன்ஸ் வந்துபோய் ஒரு மணி நேரம் ஆகிறது என்றாள்.

காலையில் ஆரம்பித்த வலிப்பு நிற்கவில்லை. ஐம்பது நிமிடம் நீடித்ததாகப் பிறகு சொன்னார்கள். டேலுக்குச் சொல்ல ஷெரீப் அலுவலகத்து ஆள் காட்டுக்குள் போயிருந்தான். மாவட்ட ஆஸ்பத்திரியின் காத்திருக்கும் அறையில் ரோண்டா தனியாக உட்கார்ந்திருந்தாள். ஒரு காலில் வீட்டுச் செருப்பு, இன்னொன்றில் பனிக்காலணி. வெர்னா கோட்டைக் கழற்றாமலே எதிரில் நின்று எல்லாவற்றையும் சொன்னாள். சார்பிட்டால், கிளிசரின், பதினாறரை கிராம். ஒன்றையும் மெழுகிச் சொல்லவில்லை. இதை எனக்குச் சொன்னது ரோண்டா, பல வருடம் கழித்து.

ரோண்டா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"எப்பத் தெரியும்?"

"வெள்ளிக்கிழமை. நாலு மணிக்கு."

ரோண்டா அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு தன் காலைப் பார்த்தாள்.

"நான் கெய்லை வீட்டுக்குள்ள விடலை," என்றாள். "ரெண்டு வாரத்துக்கு மேல. வாசல்ல நின்னு அழுதா. கதவைச் சாத்தினேன்."

வெர்னா சீசாவை நீட்டினாள். ரோண்டா வாங்கவில்லை. பக்கத்து நாற்காலியில் வைத்துவிட்டு வந்தாள்.

அந்தச் சீசா எப்படியோ டெஸ்ஸாவோடு ஹெலிகாப்டரில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கிருந்து வெர்னாவுக்கு போன் போட்டு, உள்ளே இருப்பதைக் கேட்டு, இதையே கொடுக்கலாம் என்றார்கள். நாலாம் நாள் பட்டை ஊதாவானது. இரண்டு வாரத்தில் வலிப்பு அடங்கியது. பத்தியம் தொடர்ந்தது. ஜனவரியில் பிள்ளையை வீட்டுக்குக் கூட்டிவந்தார்கள். வலது கை தொங்கியது. அவள் பேசவில்லை. வரும் வரும் என்று முதலில் சொன்னார்கள், பிறகு சொல்வதை நிறுத்திவிட்டார்கள். லாரி வந்து நின்றால் ஜன்னலுக்குப் போவாள், பார்ப்பாள், அவ்வளவுதான்.

நடந்ததை வெர்னாவே எழுதி மாநில மருந்தாளர் வாரியத்துக்கு அனுப்பினாள். அவர்கள் விசாரித்தார்கள், பெஸ்ஸெட்டுக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. சீட்டில் சொன்னபடிதான் செய்யப்பட்டிருக்கிறது என்று அதில் ஒரு வரி இருந்தது. அந்த வரியைப் பெஸ்ஸெட் அவளுக்கு ஆறுதலாகப் படித்துக் காட்டினார்.

"அதை விடுங்க," என்றாள் வெர்னா. "வெள்ளிக்கிழமையைப் பத்தி அதுல என்ன எழுதியிருக்கு?"

ஒன்றும் எழுதியிருக்கவில்லை. அவர்கள் அதைக் கேட்கவே இல்லை.

அவள் வேலையை விட்டுவிடப் போகிறாள் என்று நான் நினைத்தேன். ராஜினாமாக் கடிதம் எழுதியும் விட்டாள். ஆனால் டெஸ்ஸாவுக்கு மாதாமாதம் அந்த மருந்து வேண்டும். அதைச் செய்யக்கூடிய அடுத்த கடை கிரீன் பே நகரில், பனிக்காலத்தில் மூன்று மணி நேரப் பயணம். அங்கே ஒரு தடவை செய்து வாங்கினான் டேல். பிள்ளை துப்பிவிட்டாள், வீட்டுக்கு வருவதற்குள் அடியும் ஒட்டியிருந்தது. பிப்ரவரியில் ரோண்டா எங்கள் கடைக்கு வந்தாள். அரைக்கதவைப் பார்க்காமல் என்னிடம் சொன்னாள்.

"அதையே பண்ணித் தரச் சொல்லுங்க."

கெய்ல் வீட்டுக்கு ரோண்டா போனதையும் ஊர் அறியும். கெய்ல் கதவைத் திறந்தாள், காப்பி கொடுத்தாள். பிள்ளையை மட்டும் அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளவில்லை. "என் கைல விட்டுட்டு நீ நிம்மதியா இருக்க மாட்டே. நானும் இருக்க மாட்டேன்," என்றாளாம்.

பிப்ரவரியிலிருந்து வெர்னா அந்தச் சீசாவின் சீட்டில் உள்ளே இருக்கும் ஒவ்வொரு பொருளையும் எழுத ஆரம்பித்தாள். மருந்து, தண்ணீர், கூழ், நனைப்பான், பதனப் பொருள், இனிப்புக்கு மாவாக எரியாத சாக்கரின், எதிரே மில்லிகிராம். சீட்டு போதாமல் சீசாவைச் சுற்றி வந்தது. சட்டம் அதைக் கேட்கவில்லை. அந்தச் சீசாவை நான் எடுத்துக் கொடுக்கவும் அவள் விடவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு வந்து, தானே மேசையில் வைப்பாள்.

ரோண்டா அவளோடு பேசவில்லை. மன்னித்ததாகவும் சொல்லவில்லை, திட்டியதும் இல்லை. சீசாவை எடுத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை, சீசாவைத் திருப்பித் திருப்பிப் படிப்பாள். பின்னால் ஆட்கள் காத்திருந்தாலும் படிப்பாள். பக்கத்தில் டெஸ்ஸா இடது கையால் மேசையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள், பிறகு வளர்ந்து மேசைக்கு மேலே தெரிந்தாள். வெர்னா மேசைக்கு இந்தப் பக்கம் கைகட்டி நிற்பாள். அவள் வேலையை விடும் வரைக்கும் ஒன்பது வருடம் அது அப்படித்தான் நடந்தது. படித்து முடித்த பிறகு ரோண்டா சீசாவைப் பைக்குள் வைப்பாள். அதற்கு முன்னால் வெர்னா உள்ளே போனதில்லை.